பெலீஸிலிருந்து பொள்ளாச்சிக்கு: ஒரு வெள்ளை ஈ பெயர் வாங்கிய கதை

ஒரு பூச்சிக்குப் பேர் வைப்பதால் யாருக்கு என்ன பிரயோஜனம்? ஒரு மனுஷன் காட்டுக்குப் போய், ஓலையைத் திருப்பிப் பார்த்து, அதில் ஒட்டியிருக்கிற ஒரு மில்லிமீட்டர் சமாச்சாரத்தைச் சுரண்டி எடுத்து வந்து, மைக்ராஸ்கோப்பில் மாசக்கணக்கில் பார்த்து, லத்தீனில் நாமகரணம் செய்து, விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் மட்டும் படிக்கிற ஒரு பத்திரிகையில் போடுகிறார். அதோடு கதை முடிந்தது. வெட்டி வேலை மாதிரிதான் தோணும்.

தோணுதா? அப்படின்னா இந்தப் பதிவு உங்களுக்குத்தான். கொஞ்சம் பெரிசு, காபி எடுத்துக்கிட்டு உட்காருங்க. :-)

ஈ இல்லாத ஈ

முதலில் ஆள் யாருன்னு பார்த்துடலாம். வெள்ளை ஈ என்று நாம் சொல்வது ஈயே கிடையாது. வீட்டு ஈ, கொசு எல்லாம் ஒரு வம்சம், இது வேற வம்சம். அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி இவங்கதான் இதுக்குப் பங்காளிகள். எல்லாருக்கும் தொழில் ஒண்ணுதான். இலையில் ஊசி மாதிரி வாயைக் குத்திச் சாறு உறிஞ்சுவது. உறிஞ்சுகிற சாறில் சர்க்கரை அதிகம், இவங்களுக்கு அவ்வளவு வேண்டாம். மிச்சத்தைத் தேன் மாதிரி பிசுபிசுப்பாகக் கீழே விட்டுவிடுவார்கள். அது கீழ் மட்டைகளில் படிந்து, அதன் மேல் கரி பூசின மாதிரி ஒரு பூஞ்சணம் வளரும். தென்னந்தோப்பே அடுப்பங்கரை மாதிரி கறுத்துப் போயிருக்கிறதைப் பார்த்திருந்தீர்கள் என்றால், அது இந்தக் கூட்டணியின் கைங்கரியம்.

முட்டையிலிருந்து வெளியே வருகிற குஞ்சு கொஞ்ச தூரம் நடக்கும். நல்ல இடமாகப் பார்த்து வாயைக் குத்திவிட்டால் அப்புறம் நகராது. அடுத்தடுத்த பருவங்களில் கால்கள் சிறுத்து, இலையில் ஒட்டின ஒரு சின்னத் தகடு மாதிரி ஆகிவிடும். கடைசிப் பருவத்தைக் கூட்டுப்புழு ஓடு என்று வைத்துக்கொள்ளலாம். அதன் முதுகை டி எழுத்து வடிவில் கிழித்துக்கொண்டு இறக்கை முளைத்த பூச்சி பறந்து போகும், காலி ஓடு இலையிலேயே கிடக்கும்.

இந்தக் காலி ஓட்டை ஞாபகம் வெச்சுக்கோங்க. கதையின் ஹீரோ இதுதான்.

லின்னேயஸே ஏமாந்த இடம்

உலகத்தில் உள்ள உயிர்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைக்கிற முறையை நிலைநிறுத்தியவர் ஸ்வீடன்காரர் கார்ல் லின்னேயஸ். விலங்குப் பெயர்களுக்கு அதிகாரபூர்வமான ஆரம்பம் அவருடைய 1758-ம் வருடப் பதிப்பு. அதில் ஒரு வெள்ளை ஈயும் இருக்கிறது, நம்ம முட்டைக்கோஸ் குடும்பச் செடிகளில் வருகிற ஒன்று. ஆனால் அவர் அதைப் போட்டு வைத்த இடம் அந்துப்பூச்சிகளின் பட்டியல்! வெள்ளை இறக்கை, மேலே மாவு, சின்ன உருவம்... அந்துப்பூச்சின்னு முடிவு பண்ணிட்டார். அவருக்கு முன்னாலேயே, 1736-ல், பிரெஞ்சுக்காரர் ரியோமூரும் இதே பூச்சியைக் கவனமாகப் பார்த்து எழுதியிருக்கிறார். அவருக்கும் அது அந்துப்பூச்சிதான்.

1790-களில் லாத்ரேய் என்கிற இன்னொரு பிரெஞ்சுக்காரர்தான் இது அந்த ஜாதி இல்லைன்னு பிரித்து, 'அலெய்ரோடெஸ்' என்று தனிப் பேரினம் உருவாக்கினார். கிரேக்கத்தில் 'மாவு போன்றது' என்று அர்த்தம். அந்தப் பெயரிலிருந்துதான் மொத்தக் குடும்பத்துக்கும் பெயர் வந்தது.

இறக்கை முளைத்த பூச்சியை மட்டும் பார்த்தால் இவ்வளவு பெரிய ஆட்களே ஏமாறுவார்கள். ஏனென்றால் எல்லா வெள்ளை ஈயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். கையை நீட்டினால் பறந்தும் போய்விடும். அதனால் பின்னால் வந்தவர்கள் பறக்காத ஓட்டைப் பிடித்துக்கொண்டார்கள். நியூசிலாந்தில் மாஸ்கெல் 1895-ல் எழுதின நீண்ட கட்டுரையும், அமெரிக்காவில் குவெய்ன்டன்ஸ், பேக்கர் இருவரும் 1913, 1914-ல் கொண்டுவந்த வகைப்பாடும் அந்த வழியில் போனவை. இன்றைக்கு வரைக்கும் வெள்ளை ஈயின் அடையாள அட்டை என்றால் அந்த ஓடுதான். ஆள் போன பிறகு கழற்றிப்போட்ட சட்டையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிற துப்பறியும் வேலை!

ஓடு சொல்லும் பொய்

ஆனால் அந்தச் சட்டையும் சில சமயம் பொய் சொல்லும். 1889-ல் கிரேக்க நாட்டில் புகையிலைச் செடியில் இருந்த ஒரு வெள்ளை ஈக்கு கென்னாடியஸ் என்பவர் பெயர் வைத்தார். இன்றைக்கு அது 'பெமிசியா டபாசி'. பருத்தி, மரவள்ளி, தக்காளி என்று உலகம் முழுக்க வைரஸ் நோய்களைப் பரப்புகிற பெரிய ரவுடி. இதே பூச்சி வேறு வேறு நாட்டில், வேறு வேறு செடியில் கிடைக்கும்போதெல்லாம் ஆளாளுக்குப் 'புது இனம்' என்று பெயர் வைத்துக்கொண்டே போனார்கள். நம்ம ஊரிலும் 1929-ல் மிஸ்ராவும் லாம்பாவும் பருத்தியில் வந்ததற்குத் தனிப் பெயர் வைத்தார்கள்.

காரணம் என்னன்னா, ரோமம் உள்ள இலையில் வளர்ந்தால் ஓடு ஒரு மாதிரி இருக்கும், வழவழப்பான இலையில் வளர்ந்தால் வேற மாதிரி இருக்கும். பூச்சி ஒன்றுதான்! 1957-ல் அமெரிக்க வேளாண் துறையில் இருந்த லூயிஸ் ரஸ்ஸல் என்கிற பெண்மணி உட்கார்ந்து, இதெல்லாம் ஒண்ணுதான்யா என்று பல பெயர்களை ஒரே பெயருக்குள் கொண்டுவந்தார். நம்ம பாஷையில் சொன்னால், ஒரே பக்கைப் பத்து டெஸ்டர் பத்து டிக்கெட்டாகப் போட்டு வைத்திருக்க, ஒரு மகராசி வந்து எல்லாத்தையும் டூப்ளிகேட் என்று மூடியிருக்கிறார். டிக்கெட் மூடுகிறவர்களின் அருமை டிக்கெட் போட்டவர்களுக்குத் தெரியாது. :)

இந்த லூயிஸ் ரஸ்ஸல் அம்மாவைப் பின்னால் மறுபடியும் சந்திப்போம்.

2004, பெலீஸ்

மெக்சிகோவுக்குக் கீழே, குவாத்தமாலாவுக்குப் பக்கத்தில், கரீபியன் கடலைப் பார்த்துக்கொண்டு பெலீஸ் என்று ஒரு நாடு இருக்கிறது. முன்பு பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் என்று பெயர், 1981-ல் சுதந்திரம். பரப்பளவில் கேரளத்தைவிடச் சின்னது. ஆனால் காடு நிறைய. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த ஜான் மார்ட்டின் என்கிற பூச்சியியலாளர் இந்த நாட்டு வெள்ளை ஈக்களை மொத்தமாகப் பட்டியல் போட்டு முடிப்பது என்று இறங்கினார். அந்த வேலையின் முதல் பாகம் 2004-ல் 'ஜூடாக்சா' பத்திரிகையில் வந்தது. நூறு பக்கத்துக்கும் மேல். இரண்டாம் பாகம் 2005-ல்.

அந்த முதல் பாகத்தில் பெயர் பெற்றவற்றில் ஒன்று, தென்னை ஓலையிலிருந்து எடுத்தது.

இந்த வேலை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குப் பிடித்ததே இதுதான். ஓலையை வெட்டி, ஓடுகள் ஒட்டியிருக்கிற துண்டைக் காகித உறையில் போட்டு, எந்த ஊர், எந்தச் செடி, எந்தத் தேதி என்று எழுதி உலர்த்தி வைப்பார்கள். அப்புறம் லேபில் ஓட்டைப் பெயர்த்து, காரக் கரைசலில் சூடாக்கி, உள்ளே இருக்கிற சதையெல்லாம் கரையவைத்து வெறும் தோலாக்குவார்கள். மெழுகைப் போக்கி, சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லில் பிசின் வைத்து நிரந்தரமாக ஒட்டிவிடுவார்கள். அதற்கப்புறம்தான் மைக்ராஸ்கோப். ஓட்டின் மேல்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் ஒரே படத்தில் பாதிப் பாதியாக வரைவது இந்தத் துறையின் வழக்கம். எத்தனை மெழுகுத் துளை, எங்கே எத்தனை முடி, விளிம்பு எப்படி என்று எல்லாம் எண்ணி எழுதணும். பழைய அருங்காட்சியகச் சில்லுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடணும். எதோடும் ஒத்துப்போகவில்லை என்றால்தான் புது இனம்.

கடைசியாக ஒரே ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுத்து, "இந்தப் பெயர் என்றால் இது" என்று அறிவிக்கணும். ஹோலோடைப் என்பார்கள். நாளைக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அந்தச் சில்லை எடுத்துப் பார்த்துத்தான் பஞ்சாயத்து. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ரெஃபரன்ஸ் இம்ப்ளிமென்டேஷன்.

வெள்ளை ஈ ஓட்டின் பின்பக்கம் ஒரு கிண்ணம் மாதிரி குழி இருக்கும். இந்தக் குடும்பத்துக்கே உரிய முத்திரை அது. அந்தப் பிசுபிசுப்பு வெளியேறுகிற வாசல். அதற்கு ஒரு மூடி, மூடிக்கு அடியில் ஒரு நாக்கு. மார்ட்டின் பார்த்த தென்னைப் பூச்சியில் அந்த மூடி வழவழவென்று இல்லாமல் சுருக்கம் சுருக்கமாக இருந்தது. நாக்கின் நுனி கூர்மையாக இருந்தது. லத்தீனில் 'ரூகா' என்றால் சுருக்கம், 'ஓபர்குலம்' என்றால் மூடி. ஆக, 'அலூரோடிகஸ் ரூகியோபெர்குலேட்டஸ்'. தமிழில் சொன்னால் சுருக்கமூடியான்!

ஒரு மில்லிமீட்டர் சொச்சம் நீளமுள்ள ஓட்டின் பின்பக்கக் குழியின் மூடியில் இருக்கிற சுருக்கம். இதைவிடப் பயனில்லாத தகவல் ஒன்றை நீங்கள் கற்பனை செய்ய முடியுமா? அன்றைக்கு அது யாருடைய தோப்பையும் அழிக்கவில்லை. பெலீஸிலும் பக்கத்து நாடுகளிலும் தன் எதிரிகளோடு அடங்கி ஒடுங்கி வாழ்ந்துகொண்டிருந்தது.

2009, ஃப்ளோரிடா

ஐந்து வருஷம் கழித்து ஃப்ளோரிடாவின் மயாமி வட்டாரத்தில் மரங்களின் அடியில் நிறுத்தின கார்கள், நீச்சல் குளங்கள், நாற்காலிகள் எல்லாம் பிசுபிசுவென்று ஆகிக் கறுக்க ஆரம்பித்தன. இலைகளின் அடியில் வெள்ளை மெழுகில் சுருள் சுருளாக முட்டை. அங்கே கம்போ லிம்போ என்று ஒரு மரம், செம்புநிறப் பட்டை உரிந்துகொண்டே இருக்கும். முதலில் அதில் கண்டதால் 'கம்போ லிம்போ சுருள் வெள்ளை ஈ' என்று கூப்பிட்டார்கள். அப்புறம் பார்த்தால் தென்னை, மா, கொய்யா, அழகுப் பனை என்று அது விட்டுவைத்த மரமே குறைச்சல். பொதுப் பெயரையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. புதுப் பெயர் வந்த இடம் மார்ட்டின் பார்த்த அதே சுருக்கம்தான். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ.

ஃப்ளோரிடாக்காரர்களுக்கு இது எந்த இனம் என்று சொல்ல முடிந்ததே 2004-ல் அந்தக் கட்டுரை இருந்ததால்தான். பெயர் கிடைத்ததும், சொந்த ஊர் எது, அங்கே இதை அடக்குகிற குளவி எது, வண்டு எது என்று தேட வழி கிடைத்தது. என்கார்சியா என்கிற பேரினத்தைச் சேர்ந்த கடுகுக்கும் சின்னக் குளவிகள் இதன் இளம் பருவங்களுக்குள் முட்டை வைத்துக் கொல்வதை அங்கே பதிவு செய்தார்கள்.

2016, பொள்ளாச்சி

அந்த வருஷம் நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். என் தாய்மாமாவுக்கு ஆனைமலைப் பக்கம் கொஞ்சம் தென்னந்தோப்பு உண்டு. லீவுக்குப் போயிருந்தபோது மட்டையெல்லாம் கறுத்துக் கிடந்தது. மாமா ஓலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை.

"ஏங்கண்ணு, உங்க காலேஜுல இதைப் பத்தி ஏதாச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?"

"மாமா, நான் படிக்கிறது கம்ப்யூட்டருங்க."

"அட, எல்லாம் ஒரே இன்ஜினியருதானே கண்ணு."

சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் முகத்தில் பயம் தெரிந்தது. அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு 1990-களின் கடைசியில் வந்த ஈரியோஃபைட் சிலந்தி ஞாபகம் போகவில்லை. காயெல்லாம் சொரி பிடித்துச் சிறுத்துப்போன காலம் அது. (அந்தச் சிலந்திக்கும் ஒரு பெயர்க்கதை உண்டு. மெக்சிகோவில் குரேரோ என்கிற மாநிலத்துத் தேங்காயிலிருந்து எடுத்து 1965-ல் கீஃபர் என்பவர் பெயர் வைத்தது.) அப்போது வேரில் மருந்து கட்டினார்கள். மறுபடியும் அதே மாதிரியா என்கிற கவலை. உள்ளூர் மருந்துக் கடையில் பெரிய பட்டியல் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். மாமா பவர் ஸ்பிரேயர் வாடகைக்கு எடுத்து ஒரு தடவை அடித்தும் பார்த்துவிட்டார். பத்து நாள் குறைந்த மாதிரி இருந்ததாம். அப்புறம் முன்னைவிட ஜாஸ்தி.

தோப்பில் நடந்தது இது. ஆராய்ச்சிக்கூடங்களில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. 2016-ல் கோவை மாவட்டத்திலும் பாலக்காட்டுப் பக்கத்திலும் கேரளத்தின் பிற இடங்களிலும் தென்னையில் வந்திருப்பது என்ன என்று பார்த்தவர்கள், ஓட்டைச் சில்லில் ஏற்றிப் பின்பக்க மூடியைப் பார்த்தார்கள். சுருக்கம்! டி.என்.ஏ-வையும் பார்த்தார்கள். சந்தேகமே இல்லை, பெலீஸ்காரன்தான். கேரளத்திலிருந்து ஒரு குழு 2016-லேயே, ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா அடங்கிய பழைய உலகத்திலேயே இதுதான் முதல் பதிவு என்று அறிவித்தது. பெங்களூரில் சுந்தரராஜ், செல்வராஜ் இருவரும் எழுதிய கட்டுரை 2017-ல் வந்தது.

அழைக்காமல் வந்த விருந்தாளிக்கு அழைக்காமல் வந்த எதிரி

இங்கேதான் லூயிஸ் ரஸ்ஸல் அம்மா திரும்ப வருகிறார். 1965-ல் அவர் இன்னொரு வெள்ளை ஈக்குப் பெயர் வைத்தார். 'அலூரோடிகஸ் டிஸ்பெர்சஸ்'. டிஸ்பெர்சஸ் என்றால் சிதறியது, பரவியது. பெயருக்கேற்ற பிள்ளை! 1978-ல் ஹவாய், அப்புறம் பசிபிக் தீவுகள், 1993-ல் கேரளத்தில் மரவள்ளியில் வந்து இறங்கியது. கொய்யா, முருங்கை, மரவள்ளி இலைகளின் அடியில் சுருள் சுருளாக வெள்ளை மெழுகோடு இருந்தது இவர்தான்.

அதன் பின்னாலேயே, யாரும் இறக்குமதி செய்யாமலேயே, 'என்கார்சியா குவாடலூப்பே' என்கிற குளவியும் வந்து சேர்ந்துவிட்டது. 1990-களின் கடைசியில் இந்தியாவில் பதிவு செய்தார்கள். பெயரிலேயே ஊர் இருக்கிறது பாருங்கள், குவாடலூப் என்பது கரீபியன் தீவு. இத்தாலிக்காரர் விஜானி 1987-ல் பெயர் வைத்தது. தன் இரையைத் தேடித் திருட்டு ரயில் ஏறி வந்த குளவி.

இப்போது இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அலூரோடிகஸ் டிஸ்பெர்சஸ், அலூரோடிகஸ் ரூகியோபெர்குலேட்டஸ். முதல் பெயர் ஒண்ணு. அதாவது அண்ணன் தம்பி. அண்ணனைத் தின்கிற குளவி தம்பியையும் தின்னுமா?

தின்றது. 2016, 2017-ல் தென்னையில் புது வெள்ளை ஈயைத் தேடிப் போனவர்கள் கூடவே இந்தக் குளவியையும் பார்த்தார்கள். கிட்டத்தட்ட இருபது வருஷமாக நம்ம ஊர்ச் செடிகளில் குடியிருந்த குளவி தென்னைக்கு ஏறிவிட்டது. பல தோப்புகளில் பாதிக்கு மேற்பட்ட ஓடுகளில் குளவி தாக்குதல். குளவி புகுந்த ஓடு கறுத்துவிடும். வெள்ளை ஈ வெளியே போனால் ஓட்டில் டி வடிவக் கிழிசல் இருக்கும் என்று சொன்னேன் அல்லவா, குளவி வெளியே போனால் வட்டமான ஓட்டை. கையில் ஒரு சின்ன லென்ஸ் இருந்தால் போதும், எந்தப் பக்கம் ஜெயிக்கிறது என்று நீங்களே எண்ணிவிடலாம்.

ஆகவே வேளாண் விஞ்ஞானிகள் சொன்னது, ரசாயன மருந்து அடிக்காதீங்க, அடித்தால் முதலில் சாவது குளவிதான் என்று. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிங்க, மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடுங்க, கறுப்புக்கு மைதாக் கஞ்சி தெளிங்க, காய்ந்து உதிர்ந்துவிடும், கறுத்த ஓடு உள்ள ஓலைத் துண்டை இல்லாத தோப்பில் கொண்டுபோய்க் கட்டுங்க என்றார்கள். ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் குளவி ஒட்டின ஓலை கொடுத்தார்கள். மாமாவும் ஸ்பிரேயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஈயை ஒண்ணும் பண்ண வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு ஆபீசரா?" என்று ஆரம்பத்தில் புலம்பினவர், அடுத்த வருஷம் நான் போனபோது ஓலையைத் திருப்பிக் கறுப்புப் புள்ளி எத்தனை என்று எனக்கே எண்ணிக் காட்டினார். பூச்சி முழுசாகப் போகவில்லை, இன்றைக்கும் இருக்கிறது. வெயில் காலத்தில் ஏறும், மழையில் இறங்கும். ஆனால் பயம் போய்விட்டது.

இன்னொரு சுவாரசியம்: அந்தக் கரிப் பூஞ்சணத்தையே மேய்கிற ஒரு சின்ன வண்டும் கேரளத் தென்னையில் கண்டுபிடிக்கப்பட்டது. 'லியோக்ரினஸ் நீல்கிரியானஸ்'. பெயரில் நம்ம நீலகிரி! எப்போதோ யாரோ நீலகிரியின் பெயரால் பதிவு செய்து வைத்த வண்டு, தென்னை ஓலையைத் துடைத்துச் சுத்தம் செய்ய வந்து நின்றது.

அப்புறமும் வந்தார்கள்

2018-ல் கேரளத்தில் 'பாராலெய்ரோடெஸ் பொந்தாரி' வந்தது. பிரேசிலில் 1971-ல் பெராக்கி பெயர் வைத்தது. அந்தப் பெயர், பிரேசிலின் பாஹியா மாநிலத்தில் வேலை பார்த்து 1923-லேயே அந்த நாட்டு வெள்ளை ஈக்களைப் பற்றிப் புத்தகம் எழுதின கிரிகோரியோ போந்தாருக்கு மரியாதை. அதே சமயத்தில் 'பாராலெய்ரோடெஸ் மினேய்' வந்தது, 1990-ல் சிரியாவின் எலுமிச்சை வகை மரத்திலிருந்து பெயர் பெற்றது. 2019-ல் கர்நாடகத்தில் 'அலூரோட்ராகெலஸ் அட்ராட்டஸ்', பிரேசில் தென்னையிலிருந்து 1922-ல் ஹெம்பெல் பெயர் வைத்தது.

இந்தக் கடைசி ஆள் வில்லங்கமானவர். ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கொமொரோஸ் தீவுகளில் தென்னையைப் படாத பாடு படுத்தினவர். அங்கே இதை அடக்க உதவியது ஒரு குளவி. அந்தக் குளவிக்கு அதுவரை பெயரே கிடையாது! 2008-ல்தான் 'எரெட்மோசெரஸ் கோகோயிஸ்' என்று பெயர் வைத்தார்கள். பகைவனுக்கு 1922-லேயே பெயர், காப்பாற்றுகிறவனுக்கு 86 வருஷம் கழித்து. ஊர் உலகத்தில் எங்கேயும் அப்படித்தான் போல.

வருஷங்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள். 1922, 1965, 1971, 1990, 2004. இந்த ஐந்து தடவையும் எங்கேயோ ஒருத்தர் ஓட்டைச் சுரண்டி, சில்லில் ஏற்றி, எழுதி வைத்திருக்கிறார். அவர்களில் யாருக்கும் பொள்ளாச்சி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கத் தேவையில்லை. ஆனால் 1993-லும் 2016-லும் 2018-லும் 2019-லும் நம்ம ஆட்கள் எடுத்துப் பிரித்தது அந்தப் பழைய பக்கங்களைத்தான். புரொடக்ஷன் படுத்துக்கொண்ட ராத்திரியில், என்றைக்கோ வேலையை விட்டுப்போன ஒருவர் எழுதி வைத்த டாக்குமெண்ட் காப்பாற்றும் அல்லவா, அது மாதிரி.

நம்ம பக்கமும் இந்த வேலை சும்மா இல்லை. 1931-ல் கரம் சிங் இந்திய வெள்ளை ஈக்களைப் பற்றி எழுதினார். 1976-ல் வசந்தராஜ் டேவிட், டி.ஆர்.சுப்பிரமணியம் இருவரும் நூறு பக்க அளவில் ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டார்கள். வேளாண்மை படித்தவர்களுக்கு வசந்தராஜ் டேவிட் பெயர் பாடப்புத்தக அட்டையில் பரிச்சயம். 2003-ல் அவரும் மஞ்சுநாதாவும் சேர்ந்து பாக்கு மரத்து ஓலையில் இருந்த ஒன்றுக்கு 'அலூரோகாந்தஸ் அரிகே' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாக்கும் பனை குடும்பம்தானே. உலகத்தில் இதுவரை பெயர் பெற்ற வெள்ளை ஈக்கள் 1,500-க்கும் மேல், இந்தியாவில் மட்டும் 400-க்கும் மேல்.

என் கவலை இதுதான். ஒரு இனத்தைப் பிரித்துச் சொல்கிற கண் ஒரு ராத்திரியில் வராது, இருபது முப்பது வருஷம் சில்லு பார்த்தால்தான் வரும். அதற்குக் காசு கொடுப்பவர்களிடம் "இப்போது என்ன பயன்?" என்று கேட்டால் நேர்மையான பதில், "இப்போது ஒன்றுமில்லை" என்பதுதான். 2004-ல் மார்ட்டினிடம் கேட்டிருந்தாலும் சுருக்கமூடியானால் இன்ன லாபம் என்று அவரால் சொல்லியிருக்க முடியாது. அடுத்து நம்ம துறைமுகத்திலோ நாற்றுப்பண்ணையிலோ வந்து இறங்கப்போகிற பூச்சி எந்தக் காட்டு ஓலையின் அடியில் இன்றைக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறதோ! அதற்குப் பெயர் இருந்தால் நமக்கு ஒரு கட்டுரை கிடைக்கும், ஒரு சொந்த ஊர் கிடைக்கும், ஒருவேளை ஒரு குளவி கிடைக்கும். பெயர் இல்லாவிட்டால் கையில் மிஞ்சுவது ஸ்பிரேயரும் கடைப் பட்டியலும்தான்.

உங்க வீட்டுக் கொல்லையில் தென்னையோ கொய்யாவோ இருந்தால், தாழ்ந்த இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். என்ன இருந்தது என்று வந்து சொல்லுங்க மக்களே.

பி.கு: பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு சின்னக் கையேடு. வெள்ளை ஈக்களிலேயே கொஞ்சம் பெரிய சைஸ், ஆடி அசைந்து நகரும், இறக்கையில் லேசான பழுப்புப் பட்டை, சுருள் முட்டை என்றால் ரூகோஸ். சின்னதாக, இறக்கையில் பெருக்கல் குறி மாதிரி சாம்பல் கோடு, மெழுகு நூலில் பறவைக் கூடு கட்டி உட்கார்ந்திருந்தால் பொந்தாரி. ஓடு கறுப்பாக, சுற்றிலும் வெள்ளை மெழுகு ஜரிகை வைத்திருந்தால் அட்ராட்டஸ். மூடியில் சுருக்கம் தெரியணும்னா மட்டும் மைக்ராஸ்கோப் வேணும். ஹி..ஹி..